கோமுகி போய்ச் சேரும் துறைமுகம்

கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்குக் கடற்கரை கிடையாது. 2019-ல் விழுப்புரத்திலிருந்து பிரிந்தபோது கடலோரம் முழுவதும் தாய் மாவட்டத்தோடு நின்றுவிட்டது. ஆனால் கல்வராயன் மலையில் பெய்யும் மழைக்கு ஒரு துறைமுகம் உண்டு. கச்சிராயபாளையத்துக்கு அருகே 46 அடி உயர அணையில் தேங்கும் கோமுகி ஆறு, மணிமுக்தா ஆற்றோடு கலக்கிறது. மணிமுக்தா விருத்தாசலத்தைக் கடந்து, கூடலையாற்றூரில் வெள்ளாற்றில் சேர்கிறது. வெள்ளாறு கடலைத் தொடும் இடம் பரங்கிப்பேட்டை.

விடுமுறை நாளில் கள்ளக்குறிச்சியிலிருந்து விடியற்காலையில் கிளம்பினால், வேப்பூர், விருத்தாசலம், சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியாக வெயில் ஏறுவதற்குள் ஊர் போய்ச் சேரலாம். நேராக அன்னங்கோயில் மீன் இறங்குதளத்துக்குப் போவது நல்லது. படகுகள் கரைக்கு வந்து ஏலம் சூடு பிடிக்கும் நேரம் அது. கூடை கூடையாக இறங்கும் நீல நண்டைச் சுற்றி வியாபாரிகள் நெருக்கியடித்து நிற்பார்கள். விலை ஏறுவதும் படிவதும் சில நொடிகளில் முடிந்துவிடும்.

போர்த்துகீசியர் 'போர்ட்டோ நோவோ' என்றும், முஸ்லிம்கள் 'மஹ்மூது பந்தர்' என்றும் அழைத்த ஊர் இது. மரைக்காயர்களின் கப்பல்கள் இங்கிருந்து துணி ஏற்றிக்கொண்டு மலாக்கா, அச்சே வரை போய்வந்தன. டச்சுக்காரர்களும் ஆங்கிலேயர்களும் பின்னால் வந்து பண்டகசாலை வைத்தார்கள். ஊரின் பெயரிலேயே வராகன் ஒன்று புழங்கிய அளவுக்கு இங்கே வியாபாரம் நடந்தது.

1781 ஜூலை 1-ம் தேதி இந்த ஊருக்கு வெளியே ஹைதர் அலியும் கிழக்கிந்தியக் கம்பெனித் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். கூட்டிடம் இருந்தது எட்டாயிரத்துச் சொச்சம் வீரர்கள். ஹைதரின் படை அதைப்போல் பல மடங்கு. ஆனாலும் வென்றது கூட்டின் படைதான். கள்ளக்குறிச்சியை ஒட்டிய தியாகதுர்க்கம் மலைக்கோட்டையும் இதே போரில் முற்றுகைக்கு ஆளானது. மேற்கே மலையடிவாரத்தில் நடந்ததும் கிழக்கே கடலோரத்தில் நடந்ததும் ஒரே போரின் இரண்டு முனைகள்.

மலை நாட்டுக்கும் துறைமுகத்துக்கும் அதைவிட நெருக்கமான உறவை உண்டாக்கியது இரும்பு. சேலத்தில் கம்பெனியின் வணிக அதிகாரியாக இருந்த ஜோசையா மார்ஷல் ஹீத், அந்தப் பக்கத்து இரும்புக்கல்லின் தரத்தைக் கண்டு மலைத்துப் போனார். உள்ளூர்க் கொல்லர்கள் ஆளுயரம்கூட இல்லாத மண் உலையில், ஆட்டுத்தோல் துருத்தியை மாற்றி மாற்றி அமுக்கி, ஒரு தடவைக்குச் சில கிலோ இரும்பு எடுத்துவந்தார்கள். ஹீத் அதை ஐரோப்பிய ஊது உலையில் டன் கணக்கில் எடுக்க நினைத்தார். வேலையை விட்டார், கம்பெனி அரசிடம் தனியுரிமையும் கடனும் பெற்றார். 1830-ல் பரங்கிப்பேட்டையில் உலை எழுந்தது.

கல் கிடைக்கும் இடத்தை விட்டுக் கடலோரத்தில் உலை வைத்ததற்குக் காரணம் கப்பல். வார்ப்பிரும்பை நேரே இங்கிலாந்துக்கு ஏற்றிவிடலாம். அதற்காக இரும்புக்கல் பரிசல்களில் ஆறும் கால்வாயுமாக நெடுந்தூரம் வந்தது. நிலக்கரி இல்லாததால் உலைக்குத் தீனி மரக்கரிதான். ஒரு டன் இரும்புக்குப் பல டன் கரி தேவை. கரிக்காகச் சேலம், தென்னார்க்காடு மாவட்டங்களின் காடுகள் வெட்டப்பட்டன. அன்று கள்ளக்குறிச்சியும் தென்னார்க்காட்டின் ஒரு தாலுகா.

சரக்கு நயமாகத்தான் இருந்தது. ஷெஃபீல்டு எஃகு ஆலைகள் வாங்கின. வேல்ஸில் 1850-ல் திறக்கப்பட்ட பிரிட்டானியா பாலத்துக்கும் இந்த இரும்பு போனதாகப் பழைய கெஜட்டியர்கள் சொல்கின்றன. ஆனால் காடு விலக விலகக் கரியின் விலை ஏறியது. கடன் கழுத்தை நெரித்தது. ஹீத் இங்கிலாந்துக்குத் திரும்பி, 1839-ல் மாங்கனீசு சேர்த்து எஃகு செய்யும் முறைக்குக் காப்புரிமை வாங்கினார். ஷெஃபீல்டு முதலாளிகள் சிறு மாற்றம் செய்து அதைக் காசு கொடுக்காமலே பயன்படுத்தினார்கள். அவர்கள்மேல் தொடுத்த வழக்கு முடியுமுன் 1851-ல் ஹீத் காலமானார். 1853-ல் 'ஈஸ்ட் இண்டியா அயர்ன் கம்பெனி' என்ற பெயரில் புதிதாக அமைந்து உலையை நடத்திய நிறுவனம் 1874-ல் கலைக்கப்பட்டது.

உலை அணைந்த ஊரில் வெள்ளாற்றங்கரையை இன்று அடையாளப்படுத்துவது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். கல்வராயன் காட்டின் மண்ணைச் சுமந்து வரும் நன்னீரும் கடலின் உவர்நீரும் கலக்கும் முகத்துவாரம் என்பதால் மீன் குஞ்சும் இறாலும் நண்டும் இங்கே செழிக்கின்றன. அவற்றை ஆராயத்தான் மையமும் இங்கே அமைந்தது. பிற்பகலில் பிச்சாவரம் போய்ச் சுரபுன்னைக் காட்டுக்குள் படகில் சுற்றலாம். 2004 சுனாமியில் இந்தக் காட்டின் மறைவில் இருந்த குப்பங்கள் ஓரளவு தப்பின. திறந்த மணலில் இருந்தவை அழிந்தன. அன்று வந்த ஆய்வாளர்கள் சதுப்புநிலக் காட்டை வளர்க்கச் சொன்னார்கள். மரம் வளர்வதற்கு வேண்டிய நன்னீரில் ஒரு பங்கு மழைக்காலத்தில் கல்வராயன் மலையிலிருந்துதான் இறங்கி வருகிறது.