சூப்புச் சட்டியின் வரலாறு: பாரிஸ் முதல் அம்பாறை வரை

தரம் 11 வரலாற்றுப் பாடத்தில் பிரெஞ்சுப் புரட்சி வருகிறது. பஸ்தீல் சிறை, மூன்றாம் வகுப்பினர், லூயி மன்னனின் தலை, நெப்போலியன். எல்லாம் வரும். ஆனால் அந்தக் காலத்தில் அந்த ஊர் மனிதன் பசித்தால் எங்கே போய்ச் சாப்பிட்டான் என்று ஒரு வரி கூட வராது. பரீட்சைக்கு வராத விஷயம்தான். ஆனாலும் இதற்குள் நமக்கு வேண்டிய கதை ஒன்று இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையாக வாசியுங்கள்.

"ரெஸ்டோரன்ட்" என்ற சொல் முதலில் ஒரு கடையின் பெயர் அல்ல. அது ஒரு சூப்பின் பெயர். இறைச்சியையும் எலும்பையும் மணிக்கணக்காக வேகவைத்து எடுக்கும் சாறு. சோர்ந்த உடம்பைத் திரும்ப நிறுத்துவது என்று பொருள். நோன்பு திறந்ததும் கஞ்சிக் கோப்பையைக் கையில் எடுக்கிறவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1760களில் பாரிஸில் இந்தச் சாற்றை விற்கும் கடைகள் வந்தன. சூப்பின் பெயர் கடைக்கு ஒட்டிக்கொண்டது.

அதற்கு முன் வெளியூர்க்காரன் சாப்பிட வேண்டுமானால் சத்திரத்து நீள மேசைதான். குறித்த நேரத்துக்குப் போக வேண்டும், வைத்ததைச் சாப்பிட வேண்டும். பக்கத்தில் இருப்பவன் கை நீளமானவன் என்றால் நமக்கு எலும்புதான் மிச்சம். புதிய கடைகளில் தனி மேசை, விரும்பிய நேரம், விலைப்பட்டியல், விரும்பியதைக் கேட்கும் உரிமை. பூலாஞ்சே என்ற ஒருவர் 1765இல் ஆட்டுக்கால் குழம்பு விற்று, சமையற்காரர் சங்கத்தோடு வழக்காடி வென்று முதல் ரெஸ்டோரன்டைத் தொடங்கினார் என்று ஒரு கதை எல்லா இடத்திலும் எழுதப்பட்டிருக்கிறது. வரலாற்றாசிரியர் ரெபெக்கா ஸ்பாங் 2000இல் வெளியிட்ட நூலில், ஆவணக் காப்பகங்களில் அப்படியொரு வழக்கின் தடயமே இல்லை என்று காட்டினார். அவர் முன்வைக்கும் பெயர் மத்துரேன் ரோஸ் த ஷாந்துவாசோ, ஆண்டு 1766. பிரபுக்களின் தலை போனதும் வேலையிழந்த சமையற்காரர்கள் தெருவுக்கு வந்து கடை போட்டார்கள் என்பதும் பாதி உண்மைதான். புரட்சிக்கு முன்பே அந்துவான் போவிலியே பாரிஸில் பெரிய ரெஸ்டோரன்ட் நடத்திக்கொண்டிருந்தார். புரட்சி செய்தது வேறு: 1791இல் தொழிற்சங்கங்களின் பழைய ஏகபோக உரிமைகளை ஒழித்தது. யாரும் எதையும் சமைத்து விற்கலாம் என்றானது.

இது பணக்காரர் கதை. எனக்குப் பிடித்தது அடுத்த கதை, பிஸ்ட்ரோ.

இந்தச் சொல்லுக்கும் ஒரு கட்டுக்கதை இருக்கிறது. 1814இல் பாரிஸைப் பிடித்த ரஷ்யக் குதிரைப் படையினர் "பிஸ்த்ரா, பிஸ்த்ரா" (சீக்கிரம், சீக்கிரம்) என்று கடைக்காரரை அவசரப்படுத்தினார்களாம். மோன்மார்த்தில் ஒரு கடைச் சுவரில் பலகையே பதித்திருக்கிறார்கள். ஆனால் இந்தச் சொல் எழுத்தில் முதன்முதலாகக் கிடைப்பது 1880களில். எழுபது வருடம் ஒரு சொல் எழுத்தில் தலைகாட்டாமல் வாயில் மட்டும் உலவியது என்பதை மொழியியலாளர் பெரும்பாலோர் ஏற்பதில்லை. பலகையில் எழுதியிருப்பதெல்லாம் வரலாறு ஆகாது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல நல்ல உதாரணம்.

உண்மைக் கதை மலைநாட்டிலிருந்து வருகிறது. பிரான்ஸின் நடுவே ஓவெர்ன் என்ற மலைப்பகுதி. நிலம் போதாது, குளிர் கொடுமை. அங்கிருந்து ஆண்கள் பாரிஸுக்கு நடந்தே வந்து தண்ணீர் சுமந்தார்கள். வாளியில் தண்ணீர் நிரப்பி மாடி மாடியாக ஏறி விற்பது வேலை. 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வீடுகளுக்குக் குழாய் வந்ததும் அந்தப் பிழைப்பு போனது. அதே முதுகில் விறகும் கரியும் ஏறின. கரிக்காரனைக் குறிக்கும் "ஷார்போனியே" என்ற சொல்லும் ஓவெர்ன்காரன் என்ற சொல்லும் கலந்து "பூஞ்ஞா" என்று அவர்களைக் கேலியாக அழைத்தார்கள். நம்மவர்களுக்கும் ஊருக்கொரு கேலிப் பெயர் கிடைத்திருக்கிறது, தெரியும்தானே.

கரி வாங்க வருகிறவனுக்குக் குடிக்க ஏதாவது கொடுக்க வேண்டும். கடையின் ஒரு பக்கம் கரி மூட்டை, மறுபக்கம் வைன் பீப்பாய். பெயர்ப்பலகையிலேயே "வைனும் கரியும்" என்று எழுதினார்கள். புருஷன் கரி சுமக்கப் போக, மனைவி கடையைப் பார்த்தாள். குடும்பத்துக்கு அவள் ஒரு சட்டியில் சமைப்பாள். வாசனை வெளியே போனது. தனியாக அறையெடுத்து வாழும் தொழிலாளி, அடுப்பு இல்லாதவன், "எனக்கும் ஒரு தட்டு போடுங்க" என்று கேட்டான். பிஸ்ட்ரோ பிறந்தது இப்படித்தான். யாரும் திட்டம் போடவில்லை.

அந்தச் சட்டியைக் கொஞ்சம் எட்டிப் பார்ப்போம். மாட்டின் கழுத்து, முன்கால், கன்னம். வசதியானவர் வாங்காத பகுதிகள். உழைத்த தசை, அதனால் சவ்வு அதிகம். அவசரமாகச் சுட்டால் செருப்பு. மூன்று நான்கு மணி நேரம் கொதி வராத சூட்டில் கிடந்தால் அந்தச் சவ்வு கரைந்து, ஆணம் தானாகவே தடிப்பாகிவிடும். கரிக்கடையில் விறகுக்கும் கரிக்கும் பஞ்சமில்லை. அடுப்பு நாள் முழுக்க எரியும். மலிவான இறைச்சி, மலிவான நெருப்பு, வீட்டில் இருக்கும் ஒரு பெண்ணின் நேரம் (இதற்கு யாரும் விலை போடவில்லை). இந்த மூன்றும் சேர்ந்ததுதான் இன்று பெரிய விலைக்கு விற்கப்படும் பிஸ்ட்ரோ சமையல். ஒரு சட்டிதான் இருக்கிறது என்பதால் அன்றைக்கு ஒரே கறி. அதைக் கரும்பலகையில் சோக்கால் எழுதினார்கள். முடிந்ததும் அழித்துவிட்டார்கள். இன்றும் அந்தக் கரும்பலகை இருக்கிறது. ஆசிரியர் என்ற முறையில் எனக்கு அதில் தனி மரியாதை.

இந்தப் பெண்களில் பெரும்பாலோர் பெயர் தெரியாமலே போனார்கள். விதிவிலக்கு லியோன் நகரத்து யூஜெனி பிராசியே. 1895இல் பிறந்த ஏழை விவசாயப் பிள்ளை. சின்ன வயதிலேயே தாயை இழந்து பண்ணைகளில் வேலை செய்தவர். 1921இல் சிறிய கடை தொடங்கினார். 1933இல் அவருடைய இரண்டு கடைகளுக்கும் மிஷலின் கையேடு மூன்று மூன்று நட்சத்திரம் கொடுத்தது. பின்னாளில் உலகப் புகழ் பெற்ற போல் பொக்கூஸ் அவரிடம் வேலை பழகியவர்.

ஓவெர்ன்காரர்கள் நிலைபெற்றார்கள். 1882இலேயே பாரிஸில் தங்களுக்கென ஒரு பத்திரிகை நடத்தினார்கள். பிள்ளைகள் படித்தார்கள், கரிக்கடையில் நிற்க விரும்பவில்லை. அந்த இடத்துக்கு இன்னொரு மலைநாட்டார் வந்தார்கள். அல்ஜீரியாவின் கபைல் மக்கள். முஸ்லிம்கள்.

முதலாம் உலகப் போருக்கு முன்பே வரத் தொடங்கியவர்கள், இரண்டாம் போருக்குப் பின் பெருந்தொகையாக வந்தார்கள். தொழிற்சாலையில் உழைத்துச் சேர்த்த காசில் சின்னக் கடைகளை எடுத்தார்கள். கீழே கடை, மேலே வாடகை அறைகள். ஊரிலிருந்து வரும் கடிதம் கடை முகவரிக்குத்தான் வரும். வேலை தேடுகிறவன், மையித்தை ஊருக்கு அனுப்பக் காசு சேர்க்கிறவன், எழுதப் படிக்கத் தெரியாதவன், எல்லாரும் அங்கேதான் கூடினார்கள். கூஸ்கூஸ் பாரிஸ்காரர்களுக்குப் பழகியதற்கு இந்தக் கடைகளும் ஒரு காரணம். அவர்களில் பலர் மதுவும் விற்றார்கள். அதை மறைத்து எழுதினால் அது வரலாறு இல்லை, விளம்பரம்.

மக்கள் கூடும் இடத்தில் அரசியலும் கூடும். அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த 1961 ஒக்டோபர் 5ஆம் திகதி, பாரிஸ் பொலிஸ் தலைவர் மொரிஸ் பப்போன் ஓர் அறிவித்தல் விட்டார். அல்ஜீரிய முஸ்லிம்கள் இரவு எட்டரை முதல் காலை ஐந்தரை வரை வெளியில் நடமாடக் கூடாது. அவர்கள் நடத்தும், அவர்கள் போய் வரும் கடைகள் மாலை ஏழு மணிக்கே மூடப்பட வேண்டும். அந்த இரண்டாவது வரியை நான் பல தடவை வாசித்திருக்கிறேன். வேலை விட்டு வரும் மனிதன் சுடச்சுட ஒரு தட்டு சாப்பிடும் நேரம் ஏழு மணிக்குப் பிறகுதானே?

ஒக்டோபர் 17 மாலை, தடையை எதிர்த்து ஆயிரக்கணக்கானோர் ஆயுதமின்றி ஊர்வலம் வந்தார்கள். பொலிஸ் சுட்டது, அடித்தது, செயின் ஆற்றில் எறிந்தது. இறந்தவர் எத்தனை பேர் என்பதில் இன்றும் இணக்கம் இல்லை. பல பத்துப் பேர் என்கிறவர்களும் உண்டு, இருநூறுக்கு மேல் என்கிறவர்களும் உண்டு. பிரான்ஸின் ஜனாதிபதி ஒருவர் அதை இரத்தக்களரியான அடக்குமுறை என்று ஒப்புக்கொள்ள 2012 வரை போனது. பப்போன் 1998இல் தண்டிக்கப்பட்டார். ஆனால் அது போர்க்காலத்தில் போர்தோவிலிருந்து யூதர்களை நாடு கடத்த உதவிய குற்றத்துக்காக. 1961க்காக அவர் மீது வழக்கே வரவில்லை.

இதை வாசிக்கும்போது 2018 பெப்ரவரி 26 இரவு உங்களுக்கு ஞாபகம் வராமல் இருக்காது. அம்பாறை நகரில் நம்மவர் ஒருவரின் சாப்பாட்டுக் கடை. கறிக்குள் ஒரு கட்டி இருந்தது. அது மலட்டுத்தன்மை மாத்திரை என்றார்கள். சிங்களம் சரியாகத் தெரியாதவர் பயத்தில் சொன்ன அரைகுறைப் பதில் வீடியோவாகி பேஸ்புக்கில் பறந்தது. கடை உடைந்தது, பள்ளிவாசலும் தாக்கப்பட்டது. பிறகு அரச பகுப்பாய்வாளர் அறிக்கை வந்தது: மாத்திரை இல்லை, வெறும் மாக்கட்டி. அதற்குள் திகன எரிந்து முடிந்திருந்தது.

மாக்கட்டி! கையால் மா கரைத்து ஆணம் வைத்துப் பார்த்த எந்த உம்மாவைக் கேட்டாலும் சொல்வார், சரியாகக் கரையாவிட்டால் கட்டி படும் என்று. பக்கெட்டில் வரும் சோஸில் கட்டி இருக்காது.

பாரிஸுக்குத் திரும்புவோம். 1970களுக்குப் பிறகு, சமைத்துப் பொதி செய்த உணவுகள் தொழிற்சாலைகளிலிருந்து வரத் தொடங்கின. பையை வெந்நீரில் போட்டு, வெட்டி, தட்டில் ஊற்றினால் மூன்று மணி நேரக் கறி மூன்று நிமிடத்தில். வாசலில் அதே கரும்பலகை, உள்ளே அடுப்பே இல்லை. உண்மையாகச் சமைக்கிறவர் அதே விலைக்கு விற்க முடியாமல் திணறினார். இதைச் சமாளிக்க 2014 மார்ச்சில் ஒரு சட்டம், ஜூலை 15 முதல் ஒரு சின்னம்: கூரை போட்ட ஒரு சட்டி. "வீட்டில் செய்தது" என்று அர்த்தம். பச்சைப் பொருளிலிருந்து அதே இடத்தில் சமைத்ததற்கு மட்டும் போடலாம்.

திகதிகளைக் கவனியுங்கள். 2013 மார்ச்சில் நம் நாட்டில் உணவுப் பொதிகளிலிருந்து ஒரு சின்னத்தை எடுக்கும்படி ஆனது. அடுத்த ஆண்டு ஜூன் 15 அளுத்கம. சரியாக ஒரு மாதம் கழித்து பிரான்ஸ் உணவுக்கு ஒரு சின்னம் வைக்கிறது. இரண்டும் ஒன்றல்ல. ஆனால் சாப்பிடுகிறவனுக்குத் தட்டில் இருப்பது என்ன என்று அறியும் உரிமை இருக்கிறது என்பதுதான் இரண்டுக்கும் அடியில் இருந்த விஷயம். அங்கே அது நுகர்வோர் சட்டமானது.

அந்தச் சட்டமும் ஓட்டைச் சட்டிதான். உறைய வைத்த மரக்கறி போடலாம், வெட்டி வந்ததும் போடலாம், பாணும் சீஸும் வெளியே வாங்கலாம். தோல் சீவி வந்த உருளைக்கிழங்கு மட்டும் கூடாது! சமையற்காரர்களே சிரித்தார்கள். 2015 மேயில் விதிகளைத் திருத்தினார்கள்.

அந்தச் சமையலறைகளில் கோப்பை கழுவியும் வெங்காயம் உரித்தும் பின் அடுப்புக்கு உயர்ந்தும் நின்றவர்களில் நம் நாட்டுத் தமிழர்கள் ஏராளம். 1980களில் யுத்தம் துரத்தி பாரிஸ் போனவர்களும் அவர்களுக்குப் பின் போனவர்களும். 2023இல் பாரிஸின் சிறந்த பகெட் பாணுக்கான பரிசை வென்றவர் இலங்கையிலிருந்து போன தர்ஷன் செல்வராஜா. ஓவெர்ன்காரர், கபைல்காரர், நம்மவர் என்று அடுப்படி கைமாறி வந்திருக்கிறது.

சிற்றூர்களில் நிலை வேறு. பிரான்ஸில் 1960இல் சுமார் 2 இலட்சம் இருந்ததாகச் சொல்லப்படும் இந்தக் கடைகள் இப்போது 40,000 அளவுக்குச் சுருங்கிவிட்டன. சில கிராமங்களில் மிஞ்சியிருக்கும் கடைசிக் கடை அதுதான்; பாணும் பத்திரிகையும் தபாலும் அங்கேயே. 1993இல் தெற்கே ஃபொர்கால்கியே பகுதியில் "ஊர் பிஸ்ட்ரோ" என்று ஒரு ஏற்பாடு தொடங்கியது. 2,000 பேருக்குக் குறைந்த ஊர்களுக்கு. உள்ளூர்ப் பொருளில் சமைக்க வேண்டும், கடை ஆண்டு முழுக்கத் திறந்திருக்க முயல வேண்டும். 2019இல் கிராமங்களில் ஆயிரம் கடைகளைத் திறக்க இன்னொரு திட்டமும் வந்தது.

ஓவெர்ன்காரரின் கரிக்கடையைப் பற்றி நூலகம் நிறையப் புத்தகம் இருக்கிறது. நம் சிற்றூர்ச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எத்தனை பக்கம் இருக்கிறது? அம்பாறைக் கடை பதிவானதே அது உடைக்கப்பட்டதால்தான். உங்கள் ஊரில் அடுப்பு வைத்துச் சமைத்த பழைய கடை எது, எந்த ஆண்டு தொடங்கியது, காலையில் என்ன, பகலுக்கு என்ன, ஒரு சோற்றுக்கு எவ்வளவு எடுத்தார்கள், உள்ளே சமைத்தது யார்? வாப்பாமாரிடம் கேட்டு கீழே எழுதுங்கள். பழைய பெயர்ப்பலகையின் படம், கணக்குக் கொப்பி ஏதும் இருந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கள். பிள்ளைகளோடு சேர்ந்து தொகுக்கிறேன், இன்ஷா அல்லாஹ்.