மடக்கெழுத்தாணியும் பேனாக்கத்தியும்

மதுரையிலிருந்து மானாமதுரை செல்லும் சாலையில் கீழடி விலக்கையும் திருப்புவனத்தையும் கடந்தால் திருப்பாச்சேத்தி வருகிறது. அவ்வூரின் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் எவருக்கும் நினைவில் எழுவது அரிவாள். லாரியின் வில்பட்டையை உலையிலிட்டுப் பழுக்கக் காய்ச்சி, அடித்து, துவைத்து அரிவாளாக்கும் கொல்லர்களின் கைத்திறன் பெரிது என்பதில் ஐயமில்லை. ஆயினும் திரைப்படங்களின் உபயத்தால், மதுரைச் சீமையில் கத்தி என்றாலே வெட்டுக்குத்து என்றொரு எண்ணம் நிலைத்துவிட்டது. இதே சமவெளியில் ஒரு சாண் நீளங்கூட இல்லாத வேறொரு கத்தி, எழுதுவோரின் மடியில் செருகிக் கிடந்தது என்பதை நாம் மறந்தே போனோம்.

அதுவே மடக்கெழுத்தாணி.

உ.வே. சாமிநாதையர் 1940 முதல் 1942 வரை ஆனந்த விகடனில் எழுதிய 'என் சரித்திரம்' நூலில் தம் இளமைக்காலத்து எழுத்தாணி வகைகளை விவரித்திருக்கிறார். குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்பன அவை. மூன்றாவது வகையைப் பிடிக்குள் மடக்கி அடக்கிக்கொள்ளலாம். பிடி மரத்தாலோ, மாட்டுக்கொம்பாலோ, தந்தத்தாலோ அமையும். சிலவற்றில் ஒரு புறம் எழுத்தாணியும் மறுபுறம் ஓலை வாரும் கத்தியும் இருக்கும். எழுத்தும் அறுப்பும் ஒரே பிடிக்குள்!

கத்தி எதற்கு என்று இக்காலத்தவர் கேட்கக்கூடும். பனையோலை மரத்திலிருந்து ஏடாக இறங்கி வருவதில்லை. ஈர்க்கை நீக்க வேண்டும். அளவாக நறுக்க வேண்டும். ஓரங்களை நேராக வாரவேண்டும். பின்னரே எழுத்து. எழுதுங்கால் ஏட்டை இடக்கையில் ஏந்தி, எழுத்தாணியின் முனைக்கு இடக்கைப் பெருவிரலை முட்டுக் கொடுப்பர். இதற்கெனப் பெருவிரல் நகத்தை வளர்த்து அதில் சிறு பள்ளம் இடுவதும் உண்டு. ஓலையைக் கிழிக்காமல், மேற்பரப்பை மட்டும் கீற வேண்டும். பின்பு கரியும் இலைச்சாறும் பூசித் துடைத்தால் கீறலில் மை நின்று எழுத்து தெளியும்.

இனி, மடக்கின் சூட்சுமத்தைச் சற்றே நோக்குவோம். மடங்கும் கருவிகளில் இரு குலம் உண்டு. ஒன்று வெறும் ஆணியை நம்புவது. பிடியின் இரு பக்கங்களுக்கிடையே அலகின் அடிப்பகுதியை வைத்து, குறுக்கே ஓர் ஆணி செலுத்தி, ஆணியின் தலையைத் தட்டிப் பரப்பிவிடுவார்கள். ஓர் அடி குறைந்தால் அலகு தளர்ந்து ஆடும். ஓர் அடி மிகுந்தால் நகம் பெயர்ந்தாலும் திறவாது. ரோமானியர் காலத்து மடக்குக் கத்திகள் பலவும் இக்குலத்தவை. பிரான்சு நாட்டில் யோசேப் ஒப்பினேல் 1890-இல் செய்யத் தொடங்கிய புகழ்பெற்ற கத்தியும் இத்தகையதே. அதற்குப் பூட்டு வளையம் வந்தது 1955-இல்தான்.

மற்றொன்று வில் வைத்த மடக்கு. பிடியின் முதுகோடு நீளும் எஃகு வில் ஒன்று, அலகின் சதுரமான அடியை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். திறக்கும்போது அந்தச் சதுரத்தின் மூலை வில்லைத் தூக்கும்; முழுதும் திறந்ததும் மூலை விலகித் தட்டையான பக்கம் வந்து பொருந்த, 'டக்' என்ற ஒலியுடன் அலகு நிற்கும். பூட்டு கிடையாது; வேண்டுமென்றே அழுத்தினால் மடங்கிவிடும். செய்வோர்க்கு இதிலுள்ள சோதனை யாதெனில், திறந்த நிலை, பாதி நிலை, மூடிய நிலை ஆகிய மூன்றிலும் வில்லின் முதுகு பிடியின் விளிம்போடு சமமாக நிற்கவேண்டும். அலகின் அடியை அரத்தால் மயிரிழை மயிரிழையாக ராவி, பூட்டிப் பார்த்து, கழற்றி, மீண்டும் ராவ வேண்டும். அதிகம் ராவிவிட்டால் அலகைத் தூர எறிய வேண்டியதுதான். இங்கிலாந்தின் செபீல்டு நகரம் 17-ஆம் நூற்றாண்டு முதல் இவ்வேலையில் பெயர் பெற்றது.

அந்தக் கத்தி நம்மிடம் வந்தபோது பேனாக்கத்தி என்று பெயர் வைத்தோம். ஆங்கிலப் பெயரின் நேர்பெயர்ப்பு. பலர் பொருள் அறியாமல் சொல்வது. வாத்தின் இறகைச் சீவி எழுதுகோலாக்க ஐரோப்பிய எழுத்தர் வைத்திருந்த கத்தி அது. 19-ஆம் நூற்றாண்டில் பர்மிங்காமின் எஃகு முனைகள் பெருகியபின் இறகுக்கு வேலையில்லாது போயிற்று. கத்தியோ பெயரை மட்டும் சுமந்துகொண்டு சட்டைப்பைகளில் தங்கிவிட்டது. அங்கேயும் இங்கேயும் எழுதுபவன் கையில்தான் சிறு கத்தி இருந்திருக்கிறது! அவர்கள் எழுதுகோலையும் கத்தியையும் தனித்தனியே வைத்துக்கொண்டார்கள். நம்மவர் இரண்டையும் ஒரு பிடியில் மடக்கினார்கள்.

மடக்க வேண்டிய தேவை என்ன? நடை. மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள் (1815–1876) ஊர் ஊராகச் சென்று தலபுராணங்கள் பாடினார்; அவர் செய்யுள் சொல்லச் சொல்ல மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். கூரிய முனையொன்றை மடியில் வைத்துக்கொண்டு காதவழி நடப்பவனுக்கு, முனை உள்ளே மடங்குவது அழகுக்காக அன்று, தொடைக்காக.

நிற்க. 1901-இல் பாண்டித்துரைத் தேவர் மதுரைத் தமிழ்ச் சங்கத்தை நிறுவியபோது அதனுடன் பாண்டியன் புத்தகசாலையும் அமைந்தது. ஏடுகள் தேடித் தொகுக்கப்பட்டன. பாடம் ஒப்பிட்டோம், அச்சிட்டோம், சுவடிகளுக்கு ஏட்டின் எண்ணிக்கையும் வரியின் எண்ணிக்கையும் குறித்து அட்டவணையும் கண்டோம். எழுதிய இரும்பை அவ்வளவு அக்கறையாய்த் தேடினோமா? ஏடு போற்றிய வீடுகளிலேயே எழுத்தாணி பழைய இரும்புக்கடைக்குப் போயிற்று. ஓலையைக் கரையான் தின்றதற்காக வருந்தும் நாம், ஆணியைத் துரு தின்றதற்காக வருந்தியதில்லை. ஆணி தட்டிய கொல்லரின் பெயரையோ கேட்கவே வேண்டாம். திருப்பாச்சேத்திக்காவது ஊர்ப்பெயர் மிஞ்சியது.

மதுரைப் பக்கத்து அன்பர்கள் தத்தம் வீட்டுப் பழம்பெட்டியை ஒருமுறை கவிழ்த்துப் பார்க்கலாம். கொம்புப் பிடியிட்ட துருவேறிய மடக்கு ஒன்று அகப்பட்டால், வலிந்து திறக்க வேண்டாம். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கவும் வேண்டாம். ஆணிப்பொருத்தில் சிறிது எண்ணெய் விட்டு இரண்டு நாள் வைத்து, பின் மெல்ல விரியுங்கள். எவர் எழுதியது, எந்த ஊர்க் கொல்லர் செய்தது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, ஒரு துண்டுத்தாளில் எழுதி அதனுடனேயே வையுங்கள்.