ஆர்தர் சல்லிவன்

சர் ஆர்தர் சல்லிவன் (13 மே 1842 – 22 நவம்பர் 1900) விக்டோரியா அரசியார் காலத்து ஆங்கிலேய இசையமைப்பாளர். நாடகாசிரியர் டபிள்யூ. எஸ். கில்பர்ட்டுடன் இணைந்து 14 நகைச்சுவை ஓபராக்களைப் படைத்தவர். செவ்வியல் இசையில் பெற்ற ஆழ்ந்த பயிற்சியைச் சிரிப்பு நாடகத்துக்குக் குறைவின்றிச் செலவிட்டதே இவரது தனிச்சிறப்பு.

இளமையும் கல்வியும்

இலண்டனில் லாம்பெத் பகுதியில் பிறந்தார். தந்தை தாமஸ், சாண்ட்ஹர்ஸ்ட் படைத்துறைக் கல்லூரியின் பேண்டு வாத்தியக் குழுத் தலைவர். 1854இல் அரச தேவாலயப் பாடகர் குழுவில் சேர்ந்த சல்லிவன், 1856இல் மெண்டல்சன் உதவித்தொகையைப் பெற்ற முதல் மாணவரானார். இராயல் இசைக் கழகத்திலும், பின்னர் ஜெர்மனியின் லைப்சிக் நகரிலும் பயின்றார். ஷேக்ஸ்பியரின் ‘டெம்பஸ்ட்’ நாடகத்துக்கு இவர் அமைத்த இசை 1862இல் கிரிஸ்டல் பேலஸ் அரங்கில் ஒலித்ததும் இலண்டன் இவரை அறிந்துகொண்டது.

கில்பர்ட்டுடன்

இருவரும் சேர்ந்த முதல் படைப்பு ‘தெஸ்பிஸ்’ (1871). அதன் இசையில் பெரும்பகுதி இன்று கிடைக்கவில்லை. நாடக அரங்க நிர்வாகி ரிச்சர்ட் டாய்லி கார்ட் தூண்டுதலால் உருவான ‘டிரையல் பை ஜூரி’ (1875) வெற்றி பெற்றது. ‘எச்.எம்.எஸ். பினஃபோர்’ (1878) 571 முறை மேடையேறியது. அமெரிக்கக் குழுக்கள் அதை அனுமதியின்றி நடித்ததால், அங்கு உரிமையைக் காக்கும் பொருட்டு அடுத்த படைப்பான ‘பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்’ 1879 டிசம்பர் 31 அன்று நியூயார்க்கிலேயே அரங்கேற்றப்பட்டது. கார்ட் 1881இல் கட்டிய சவாய் அரங்கு, முழுக்க மின்விளக்குகளால் ஒளியூட்டப்பட்ட முதல் பொதுக் கட்டடம். அங்கு அரங்கேறிய ‘மிகாடோ’ (1885) 672 காட்சிகள் கண்டது. அரங்கின் கம்பளச் செலவு குறித்து 1890இல் கில்பர்ட்டுக்கும், கார்ட், சல்லிவன் இருவருக்கும் இடையே எழுந்த பூசல் நீதிமன்றம்வரை சென்றது. பின்னர் கில்பர்ட்டும் சல்லிவனும் இணைந்து படைத்த இரண்டு ஓபராக்களும் பழைய வெற்றியை எட்டவில்லை.

இசைமுறை

பாடல் வரிகளுக்கு முதலில் தாளக்கட்டை வகுத்து, அதன்பின்பே மெட்டமைத்தார். அதனால் விரைந்து பாடும் இடங்களிலும் சொற்கள் தெளிவாகக் கேட்டன. கில்பர்ட்டின் நையாண்டி அவையோரைச் சென்றடைந்தது. வெவ்வேறு மெட்டுகளில் பாடும் இரு குழுக்களை ஒரே வேளையில் இணைத்துப் பாடவைப்பது இவரது தேர்ந்த உத்தி.

பிற படைப்புகளும் மறைவும்

‘ஐரிஷ்’ சிம்பொனி (1866), ‘லாஸ்ட் கார்ட்’ பாடல் (1877), ‘கோல்டன் லெஜெண்ட்’ (1886), ‘ஐவன்ஹோ’ ஓபரா (1891) ஆகியவையும் இவருடையவை. 1883இல் ‘சர்’ பட்டம் பெற்றார். நெடுநாள் சிறுநீரக நோயால் வருந்தியவர், 58ஆம் வயதில் மறைந்து, புனித பவுல் பேராலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் முடிக்காது விட்ட ‘எமரால்டு ஐல்’ ஓபராவை எட்வர்ட் ஜெர்மன் நிறைவு செய்ய, 1901இல் அது மேடையேறியது.