தாம்பட் ஆளியின் செம்பும் கலாய்ப் பூச்சும்

புனேயின் மிகப் பழைய பகுதியான கஸ்பா பேட்டையில், செம்புக் கன்னார்கள் தலைமுறைகளாக வாழ்ந்து தொழில் செய்துவரும் தெரு தாம்பட் ஆளி எனப்படுகிறது; மராத்தியில் தாம்பட் என்பது செம்புக்கொல்லரையும், ஆளி என்பது ஒரு தொழிலார் கூடி வாழும் சிறு தெருவையும் குறிக்கும். 1730-இல் அடிக்கல் நாட்டப்பட்ட சனிவார் வாடாவிலிருந்து பேஷ்வாக்கள் ஆண்ட காலத்தில் கொங்கணத்திலிருந்து வந்து குடியேறிய இவர்கள், தண்ணீர்க் குடங்களையும் அண்டாக்களையும், நடுக்குழாயில் நெருப்பிட்டு வெந்நீர் காய்ச்சும் பம்ப் என்னும் கலத்தையும் வடித்துக் கொடுத்தனர். தகட்டின் மேல் நெருக்கமாகச் சுத்தியலால் அடித்துச் சிறு குழிகளைப் பதிக்கும் மடார் வேலை இவர்களின் அடையாளம். அது அழகுக்காக மட்டும் செய்யப்படுவதன்று, அடிபடும் செம்பு இறுகி வலுப்பெறுவதால் கலம் எளிதில் நசுங்காமலும் இருக்கிறது.

ஆனால் சுத்தியல் வேலை முடிந்ததாலேயே ஒரு பாத்திரம் சமையலுக்கு ஆயத்தமாகிவிடுவதில்லை. செம்பு புளிப்போடு சேர்ந்தால் களிம்பேறி உணவை நஞ்சாக்கும். புளியும் வெல்லமும் இட்ட ஆம்டி என்னும் பருப்புக் குழம்பும் மோரும் அன்றாட உணவாக இருந்த புனே வீடுகளில், புதுப் பாத்திரம் அடுப்பேறுமுன் அதன் உட்புறத்துக்கு வெள்ளீயம் பூசியாக வேண்டியிருந்தது. கலாய் எனப்படும் இப்பூச்சைப் பெரும்பாலும் கன்னார்களல்லாத தனித் தொழிலாளர்களே செய்தனர். தகட்டை மீண்டும் மீண்டும் காய்ச்சி அடித்ததில் படிந்த கருமையைத் தேய்த்து நீக்கி, துருத்தி ஊதிய கரியடுப்பில் பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத்தைத் தூவுவார்கள். சூட்டில் நவச்சாரம் பிரிந்து வெளிப்படும் அமில ஆவி, கண்ணுக்குத் தெரியாமல் எஞ்சியிருக்கும் களிம்பையும் அகற்றிவிடும். அந்தக் கணத்தில் ஈயக் கம்பியைத் தொட்டவுடன் அது உருக, பஞ்சுப் பொதியால் உட்புறமெங்கும் வழித்துப் பரப்புவார்கள். செம்பு 1085 பாகை செல்சியசில் உருகுவது. வெள்ளீயமோ 232 பாகையிலேயே உருகிவிடும். தொடும் இடத்தில் இரண்டும் கலந்து மெல்லிய உலோகக் கலவைப் படலம் ஒன்று உருவாவதால்தான் பூச்சு உரியாமல் பிடித்துக்கொள்கிறது.

எனினும் கரண்டி பட்டும் துலக்கியும் அது நாளடைவில் தேயும்; வெறும் பாத்திரத்தை அடுப்பில் விட்டால் உருகியும் போகும். எனவே முதல் பூச்சு என்பது வாழ்நாள் முழுதும் தொடரவேண்டிய பராமரிப்பின் தொடக்கமே. அக்பரின் சமையற்கூடத்தில் பேரரசருக்குரிய செம்புப் பாத்திரங்களுக்கு மாதம் இருமுறையும், இளவரசர்களுக்குரியவற்றுக்கு ஒருமுறையும் ஈயம் பூசப்பட்டதை அபுல் ஃபசல் அயினி அக்பரியில் பதிந்திருக்கிறார். தமிழகத்திலும் பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவோர் தெருத்தெருவாக வந்த காலம் மூத்த தலைமுறையினரின் நினைவிலிருந்து இன்னும் மறையவில்லை. நச்சுத்தன்மையுள்ள காரீயத்தைக் கலந்து பூசினால் காக்கவேண்டிய பூச்சே கேடாகிவிடும் என்பதால், பூசுபவரின் நேர்மையை நம்பியே அடுக்களை இருந்தது.

1890-களின் இறுதியில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னைக் கலைப்பள்ளியில் தொடங்கிவைத்த அலுமினியப் பாத்திரத் தொழிலும், விடுதலைக்குப் பின் பரவிய எவர்சில்வரும் செம்பை அடுக்களையிலிருந்து அகற்றின. இதற்கு விலையை மட்டும் காரணமாகச் சொல்வது போதாது. புதிய உலோகங்களுக்கு முதல் நாள் பூச்சும் வேண்டாம், பிறகு பூசவும் வேண்டாம் என்பதே அவற்றின் பெரும் வலிமை. வேலை குறைந்து கலாய்க்காரர்கள் தொழிலைவிட்டு விலக, பூச அவர்கள் இல்லாமையால் செம்பு மேலும் ஒதுங்கியது. குடம், சொம்பு, அலங்காரக் கலம் எனப் பூச்சு தேவையற்ற பொருள்களே இன்று தாம்பட் ஆளியின் பெயரைக் காத்துவருவது இதனால்தான். அத்தெருவின் கைத்தொழிலை மீட்க முனைவோர் கன்னாரின் பட்டறையோடு நின்றுவிடாமல், கலாய்க்காரரின் கரியடுப்புக்கும் பயிற்சியும் வேலையும் கிடைக்க வழிசெய்ய வேண்டும்.