ஆணா பெண்ணா என்ற கேள்வியும் 47ஆவது குரோமோசோமும்

பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்தவர்கள் யாவரும் மரபியல் பாடத்தின் கடைசிப் பக்கங்களில் கிளைன்ஃபெல்டர் சிண்ட்ரோம் என்ற பெயரைச் சந்தித்திருப்பார்கள். 47 குரோமோசோம்கள், எக்ஸ்-எக்ஸ்-ஒய் அமைப்பு, ஆண் உடல், மார்பக வளர்ச்சி, மலட்டுத்தன்மை என்று மூன்று நான்கு வரிகளில் பாடம் முடிந்துவிடும். நீட் தேர்வுக்கு மனப்பாடம் செய்ய அவ்வளவு போதும்.

டெல்லியில் இளங்கலை மாணவர்களுடன் அறிவியல் வரலாறு குறித்து அண்மையில் நடத்திய ஒரு கலந்துரையாடல் வகுப்பில் இந்தப் பெயர் வந்தது. "அப்படியானால் இவர்கள் உண்மையில் ஆணா, பெண்ணா?" என்று ஒரு மாணவர் கேட்டார். சிலர் சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியபின் ஒரு கணக்கை மட்டும் சொன்னேன். பிறக்கும் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ 600-க்கு ஒருவர் இவ்வமைப்புடன் பிறக்கிறார். ஒரு பெரிய பல்கலைக்கழகத்தின் ஆண்கள் விடுதிகளை எண்ணிப் பார்த்தால், இத்தகையோர் சிலராவது அங்கே இருக்கக்கூடும். அவர்களில் பெரும்பாலோருக்கு அது தெரிந்திராது. சிரித்தவர்களுள் ஒருவராகவும் அவர் இருக்கலாம்.

அந்த மாணவரைக் குறை சொல்வதற்கில்லை. அதே கேள்வியை 1950களில் உலகின் தேர்ந்த ஆய்வுக்கூடங்கள் கேட்டன. மூன்று ஆண்டுகள் அதற்குத் தவறான விடையையும் வைத்திருந்தன. அந்தத் தவறு எவ்வாறு நேர்ந்தது, எவ்வாறு திருத்தப்பட்டது, அதன் எச்சம் நம் பாடநூல்களில் இன்னும் எங்கே ஒட்டிக்கொண்டிருக்கிறது என்பதே இப்பதிவின் பொருள்.

தொடக்கம் பாஸ்டன் நகரில். 1941இல் பால்டிமோரைச் சேர்ந்த ஹாரி கிளைன்ஃபெல்டர் என்ற இளம் மருத்துவர், நாளமில்லாச் சுரப்பி இயலில் பெரும் பெயர் பெற்றிருந்த ஃபுல்லர் ஆல்பிரைட்டிடம் பயிற்சி பெற மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனைக்கு வந்தார். எட்வர்ட் ரைஃபன்ஸ்டைனும் சேர்ந்து மூவருமாக 1942இல் வெளியிட்ட கட்டுரை ஒன்பது ஆண்களைப் பற்றியது. மார்பக வளர்ச்சி, சிறுத்த விந்தகங்கள், விந்தணு இன்மை, சிறுநீரில் மிகுந்து காணப்பட்ட பாலிக்கிள் தூண்டும் ஹார்மோன் ஆகியவை அவர்களிடம் பொதுவாக இருந்தன. தமக்கு முன்னுரிமை தந்து பெயரை முதலில் இட்டவர் ஆல்பிரைட்டே என்றும், அது உண்மையில் அவருடைய கண்டுபிடிப்பு என்றும் கிளைன்ஃபெல்டர் பிற்காலத்தில் எழுதினார். அக்கட்டுரையில் குரோமோசோம் பற்றிய பேச்சே இல்லை. விந்தகத்தில் சுரக்க வேண்டிய ஏதோ ஒரு ஹார்மோன் குறைவதே காரணம் என்று அவர்கள் கருதினார்கள். அன்றைய நிலையில் அது நியாயமான ஊகமே.

ஆயினும் ஒன்றை இங்கே குறித்துக்கொள்ள வேண்டும். அந்த ஒன்பது பேரும் மருத்துவரைத் தேடி வந்தவர்கள். உடலில் வெளிப்படையாக ஒரு மாற்றம் தெரிந்ததனாலேயே வந்தவர்கள். அத்தகைய மாற்றம் தெரியாதவர்கள் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். நோயின் முதற்சித்திரம் வந்தவர்களை வைத்தே வரையப்பட்டது.

அடுத்த திருப்பம் கனடாவின் ஒன்டாரியோவில், வேறொன்றைத் தேடுகையில் நேர்ந்தது. மறே பார் என்ற உடற்கூறியலாளரும் அவருடைய மாணவர் யூவர்ட் பெர்ட்ராமும் பூனைகளின் நரம்புச் செல்களைத் தொடர்ந்து தூண்டினால் என்ன மாற்றம் நேரும் என்று ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். சில பூனைகளின் செல் உட்கருவில் அடர்ந்த பொட்டு ஒன்று தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. குறிப்பேட்டைப் புரட்டிப் பார்த்தபோது பொட்டு உள்ளவை யாவும் பெண் பூனைகள் என்பது விளங்கிற்று. 1949இல் இதனை வெளியிட்டார்கள். மனிதரிலும் அவ்வாறே என்பது விரைவில் தெரியவந்தது. 1955இல் கன்னத்தின் உட்புறத்தை மெல்லச் சுரண்டி எடுத்த செல்களைக் கொண்டே இதைப் பார்க்கும் முறை வந்தது. ஒருவரின் 'மரபுப் பாலை' ஒரு கண்ணாடித் தகட்டில் கண்டுவிடலாம் என்ற நம்பிக்கை பிறந்தது.

அந்த நம்பிக்கையுடன் 1956இல் பல குழுக்கள் கிளைன்ஃபெல்டர் நிலையினரின் செல்களைப் பார்த்தன. அவர்களில் பெரும்பாலோரிடம் 'பெண் பொட்டு' இருந்தது. முடிவு உடனே எழுதப்பட்டது: இவர்கள் மரபால் பெண்கள், கருவில் ஏதோ ஒரு கோளாற்றால் ஆண் உருவம் பெற்றவர்கள். 'பால் தலைகீழாதல்' என்ற சொல் மருத்துவ இதழ்களில் புழங்கலாயிற்று. திருமணமாகிக் குடும்பம் நடத்திவந்த ஆண்களைப் பற்றி, அவர்களுடைய வாழ்வில் எதையும் விசாரிக்காமல், நுண்ணோக்கியின் கீழ்த் தெரிந்த ஒரு பொட்டை வைத்து இவ்வாறு எழுதினார்கள்.

ஏன் இப்படி? அவர்கள் அறிவற்றவர்கள் அல்லர். அவர்களுக்கு முன்னே பழ ஈ இருந்தது. கால்வின் பிரிட்ஜஸ் 1916இல் காட்டியபடி, எக்ஸ்-எக்ஸ்-ஒய் அமைப்புள்ள பழ ஈ பெண். ஒரே எக்ஸ் மட்டும் கொண்டது ஆண். அங்கே பாலை முடிவுசெய்வதில் ஒய் குரோமோசோமுக்குப் பங்கில்லை. மனிதரும் அவ்வாறே என்று நாற்பதாண்டுகள் எவரும் சோதிக்காமலே ஏற்றுக்கொண்டார்கள். சோதிக்க வழியும் இல்லை. மனிதச் செல்லில் 48 குரோமோசோம்கள் என்றே 1920களிலிருந்து நம்பப்பட்டுவந்தது. ஜோ ஹின் ஜியோவும் ஆல்பர்ட் லெவானும் சுவீடனின் லுண்டில் அவை 46 என்று உறுதிசெய்ததே 1956இல்தான். எண்ணவே தெரியாத காலத்தில் ஒன்று கூடுதலாக இருப்பதை எவ்வாறு கண்டுபிடிப்பது?

விடை எடின்பரோவிலிருந்து வந்தது. அணுகுண்டுக்குப் பிந்தைய அச்சத்தில், கதிர்வீச்சுக்கும் ரத்தப் புற்றுக்கும் உள்ள தொடர்பை ஆராய அங்கே ஒரு மருத்துவ ஆய்வுக் குழு அமைக்கப்பட்டிருந்தது. எலும்பு மஜ்ஜைச் செல்களில் குரோமோசோம்களை எண்ணும் திறன் அதன் வழியே வளர்ந்தது. அங்குப் பணியாற்றிய பாட்ரிசியா ஜேக்கப்ஸுக்கு அப்போது வயது 24. மருத்துவர் ஜான் ஸ்ட்ராங்குடன் சேர்ந்து கிளைன்ஃபெல்டர் நிலையிலிருந்த ஒருவரின் செல்களை எண்ணினார். எண்ணிக்கை 47. கூடுதலாக இருந்தது எக்ஸ் குரோமோசோம் என்று தோன்றிற்று. ஒய் குரோமோசோமும் அங்கே இருந்தது. 1959 ஜனவரி 31 'நேச்சர்' இதழில் அக்கட்டுரை வெளிவந்தது. அதன் தலைப்பு இன்றைய மாணவர்கள் கவனிக்கத்தக்கது. எக்ஸ்-எக்ஸ்-ஒய் என்று சொல்லும்போது 'இருக்கக்கூடிய' என்ற அடைமொழியை அவர்கள் சேர்த்திருந்தார்கள். அதேவேளை அம்மனிதரை 'இடைப்பாலினத்தன்மை' என்ற பழைய சட்டகத்திலேயே வைத்தார்கள். எண்ணிக்கையில் அத்தனை எச்சரிக்கையாக இருந்தவர்களும் பெயரிடும்போது தம் காலத்தின் சொல்லையே எடுத்தாண்டார்கள்.

அதே ஆண்டின் முதல் சில மாதங்களிலேயே டவுன் சிண்ட்ரோமின் 47உம், டர்னர் சிண்ட்ரோமின் 45உம் வெளிவந்தன. இரண்டு எக்ஸ் இருந்தும் ஒய் ஒன்று இருந்தால் ஆண். ஒய் இல்லையெனில், எக்ஸ் ஒன்றே ஆயினும் பெண் உடல். பழ ஈயின் விதி மனிதருக்குப் பொருந்தவில்லை. ஆணாக வளரத் தூண்டுவது ஒய் குரோமோசோமே என்ற அடிப்படை உண்மை இவ்வாறு நிலைபெற்றது. அதற்குரிய மரபணு 1990இல் லண்டனில் கண்டறியப்பட்டது. பாரின் பொட்டோ ஒடுங்கிய ஓர் எக்ஸ் குரோமோசோம் மட்டுமே என்பதைச் சுசுமு ஓனோவும், செல்லுக்கு ஓர் எக்ஸ் தவிர மற்றது செயலிழக்கிறது என்பதை 1961இல் மேரி லயானும் விளக்கினார்கள். அப்பொட்டு எக்ஸ்களின் எண்ணிக்கையைச் சொல்லும். ஆணா பெண்ணா என்பதைச் சொல்லாது. இவ்வளவு தெரிந்த பின்னரும் 1968 ஒலிம்பிக்கில் வீராங்கனைகளின் பெண்மையைச் சோதிக்க அதே கன்னச் செல் முறையைக் கொண்டுவந்தார்கள் என்பது அறிவியல் வரலாற்றின் கசப்பான செய்திகளுள் ஒன்று.

ஒரு தவறு திருந்திய இடத்தில் மற்றொன்று முளைத்தது. 1960களில் குரோமோசோம் எண்ணும் வசதி பெருகியபோது, ஆய்வாளர்கள் முதலில் போனது மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்களுக்கும் பாதுகாப்பு மனநல மருத்துவமனைகளுக்கும். ஒரே இடத்தில் நூற்றுக்கணக்கானோர் கிடைப்பார்கள். மறுக்கும் நிலையிலும் அவர்கள் இல்லை. அங்கே எக்ஸ்-எக்ஸ்-ஒய் அமைப்பு வழக்கத்தைவிடக் கூடுதலாகக் காணப்பட்டது. 1965இல் ஜேக்கப்ஸ் குழுவினரே ஸ்காட்லாந்தின் கார்ஸ்டேர்ஸ் மருத்துவமனையில் எக்ஸ்-ஒய்-ஒய் ஆண்கள் பலரைக் கண்டபோது, குற்றத்தின் குரோமோசோம் கிடைத்துவிட்டது என்று செய்தித்தாள்கள் எழுதின. கூடுதல் குரோமோசோம் என்றாலே மந்த புத்தி, வன்முறை என்ற எண்ணம் பொதுப்புத்தியில் படிந்தது. இல்லத்துக்குள் தேடியவருக்கு இல்லத்துக்குள் இருப்பவரே கிடைப்பார். வெளியே கடை நடத்திக்கொண்டும் பாடம் நடத்திக்கொண்டும் இருந்தவர்கள் அக்கணக்கில் வரவில்லை.

இதற்கு மாற்று ஒன்றே. யாரையும் தேர்ந்தெடுக்காமல், பிறந்த குழந்தைகள் அனைவரையும் பார்க்க வேண்டும். எடின்பரோ, டென்மார்க்கின் ஓர்ஹுஸ், டொரன்டோ, வினிபெக், டென்வர் முதலிய நகரங்களில் அப்பணி நடந்தது. டென்வரில் ஆர்தர் ராபின்சன் குழுவினர் 1964 முதல் 1974 வரை ஏறத்தாழ 40,000 குழந்தைகளைப் பரிசோதித்தார்கள். கண்டறியப்பட்ட சிறுவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார்கள். அங்கே தெரிந்த முகம் வேறு. பேச்சு சற்றுத் தாமதம், வாசிப்பில் இடர்ப்பாடு, கூச்சம், உயரமான உடல்வாகு. அறிவுத்திறன் உடன்பிறந்தாரினும் சராசரியில் சிறிது குறைவு. ஆனால் பெரும்பாலோருக்கு இயல்பான எல்லைக்குள்ளேயே. தக்க உதவி கிடைத்தவர்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள்.

இந்த ஆய்வும் குற்றமற்றதாக இல்லை. பாஸ்டனில் ஸ்டான்லி வால்சரும் பார்க் ஜெரால்டும் நடத்திய பரிசோதனைக்கு எதிராக, ஜான் பெக்வித் உள்ளிட்ட அறிவியலாளர்களே கிளர்ந்தார்கள். 'உங்கள் மகனுக்கு ஒரு குரோமோசோம் கூடுதல்' என்று பெற்றோரிடம் சொல்லிவிட்டால், அவர்கள் அவனைப் பார்க்கும் பார்வையே மாறிவிடாதா? அப்பார்வையே அவனை மாற்றிவிடாதா? சொல்லாமல் ஆராய்வது அறமாகுமா? 1975இல் புதிய குழந்தைகளைச் சோதிப்பது அங்கே நிறுத்தப்பட்டது. அக்கேள்விக்கு இன்றளவும் முழுமையான விடை இல்லை. கருவிலேயே இதனைக் காணும் வசதி பரவியுள்ள நிலையில் கேள்வியின் கூர்மை கூடியிருக்கிறது.

அறியாமலிருப்பதற்கும் விலை உண்டு. டென்மார்க்கில் 2003இல் வெளியான நாடளாவிய ஆய்வின்படி, இவ்வமைப்புடன் பிறந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கே வாழ்நாளில் அது கண்டறியப்படுகிறது. பருவமெய்துவதற்கு முன் அறியப்பட்டோர் 10 விழுக்காட்டுக்கும் குறைவு. ஒவ்வொரு குடிமகனுக்கும் பதிவேடு வைத்திருக்கும் நாட்டின் நிலை இது. டெஸ்டோஸ்டீரோன் குறைவால் எலும்பு மெலிவதும், நீரிழிவு நெருங்குவதும் காரணம் தெரியாமலே கடந்துபோகின்றன.

நம் நாட்டில் இந்த அறியாமையின் பாரம் பெரும்பாலும் பெண்ணின் தலையில் இறங்குகிறது. குழந்தையில்லையென்றால் முதலில் மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் அனுப்பப்படுபவள் மனைவி. கணவனின் விந்தைச் சோதிக்கும் எண்ணம் கடைசியில்தான் வருகிறது. விந்தணு அறவே இல்லாத ஆண்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் எக்ஸ்-எக்ஸ்-ஒய் அமைப்புடையவர் என்பதை அந்த வீடுகள் அறிந்திருந்தால், எத்தனை பெண்கள் வசையிலிருந்து தப்பியிருப்பார்கள்! இன்னொன்று: ஆணின் குறையென்று தெரிந்தபின் பழி அவனைப் பெற்ற தாய்க்குத் தாவுவதும் உண்டு. கூடுதல் எக்ஸ் ஏறத்தாழ பாதி நேர்வுகளில் தந்தையிடமிருந்தே வருகிறது என்று ஜேக்கப்ஸ் குழுவினரே 1980களில் காட்டினார்கள். செல் பிரியும்போது நேரும் தற்செயல் அது. எவர் செய்த பிழையும் அன்று.

'மலட்டுத்தன்மை' என்ற பாடநூல் சொல்லுக்கு வருவோம். விந்தகத்தில் ஆங்காங்கே சிறு திட்டுகளாக விந்தணு உருவாகக்கூடும் என்பதும், அதனை எடுத்துச் சினைமுட்டைக்குள் நேரடியாகச் செலுத்திக் குழந்தை பெறலாம் என்பதும் 1990களின் இறுதியில் மெய்ப்பிக்கப்பட்டன. அவ்வாறு பிறந்த குழந்தைகளைப் பற்றி நியூயார்க் மருத்துவர்கள் 1998இல் அறிவித்தார்கள். இன்று நுண் அறுவை முறையில் தேடும்போது பத்தில் நான்கு பேருக்கேனும் விந்தணு கிடைக்கிறது. எல்லோருக்கும் கிடைப்பதில்லை, செலவும் எல்லோர்க்கும் எட்டுவதன்று. ஆயினும் 'இவர்கள் மலடர்கள்' என்று முற்றுப்புள்ளி வைத்து எழுதுவது இன்று பிழை. கால் நூற்றாண்டாக நம் மாணவர்கள் அப்பிழையை மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவருகிறார்கள்.

வகுப்பில் அந்த மாணவருக்கு நான் சொன்ன விடை இதுதான்: இவர்கள் கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோமுடன் பிறந்த ஆண்கள் என்பதே மருத்துவம் சொல்லக்கூடியது. தம்மை எவ்வாறு அடையாளப்படுத்திக்கொள்வது என்பது அவரவர் உரிமை; அதைப் பிறர் குரோமோசோமை எண்ணித் தீர்மானிக்க இயலாது.

பாடநூல் எழுதும் குழுக்களில் இருக்கும் நண்பர்கள் இதைப் படிக்கக்கூடும். உங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த பதிப்பில் இரண்டு வரிகள் கூடுதலாகச் சேருங்கள்: பலர் இது தெரியாமலே இயல்பாக வாழ்கிறார்கள் என்று ஒரு வரி, சிகிச்சை உண்டு என்று ஒரு வரி. அந்தப் பக்கத்தைப் படிக்கும் 600 மாணவர்களுள் ஒருவன் தன்னைப் பற்றியே படித்துக்கொண்டிருக்கிறான்.