டீசல் காருக்கு ‘ரீமேப்’: பவர் கூடும்... டர்போ தாங்குமா?

அருப்புக்கோட்டை – பரளச்சி ரோட்டில் லாரியை ஓவர்டேக் பண்ணும்போது, பழைய ஸ்விஃப்ட் டீசல் வைத்திருப்பவருக்கு ‘இன்னும் கொஞ்சம் பவர் இருந்தா...’ என்று தோன்றும். அதற்குச் சொல்லப்படும் வழிதான் ரீமேப்.

ரீமேப்னா என்ன?

எவ்வளவு டீசல் பீய்ச்சணும், டர்போ எவ்வளவு காற்றை அழுத்தணும் என்பதை ஈசியூ என்ற கம்ப்யூட்டர் தீர்மானிக்கிறது. அந்தக் கணக்கைத் திருத்தி எழுதுவதே ரீமேப். ‘ட்யூனிங் பாக்ஸ்’ வேறு: ரெயில் பிரஷர் குறைவாக இருப்பதாக ஈசியூவை ஏமாற்றி, அழுத்தத்தை ஏற்ற வைக்கும்.

கம்பெனி எப்படிச் செய்தது?

ஸ்விஃப்ட்டில் வந்த ஃபியட்டின் 1248 சிசி இன்ஜின் 75 குதிரைத்திறன் தந்தது. அதே இன்ஜின் எஸ்எக்ஸ்4, எர்டிகாவில் 90 தந்தது. வெறும் சாஃப்ட்வேரால் அல்ல. உள்ளே இறக்கைகள் திரும்பும் விஜிடி டர்போவைப் பொருத்தினார்கள். ரீமேப்போ, அந்தக் கூடுதலை பழைய சின்ன டர்போவிடமே கேட்கிறது. சூடு ஏறும், கிளட்ச் வழுக்கலாம். கரும்புகை கக்கினால், டீசலுக்கேற்ற காற்று போதவில்லை என்று அர்த்தம்.

கரிசல் புழுதியில் ஓடும் வண்டி என்றால் முதலில் ஏர் ஃபில்டர், டர்போ ஹோஸ், இன்ஜெக்டரைப் பாருங்க. பல நேரம் தொலைந்த பவர் அங்கேதான் இருக்கும்!

சட்டம் என்ன சொல்கிறது?

அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் வண்டி உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதம் அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 182ஏ பிரிவு. இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் செய்தால், விபத்து நடந்த பிறகு கிளெய்மிலும் சிக்கல் வரலாம்.