திரையில் தோன்றாத திருமுகம்: 'அர்ரிஸாலா' திரைப்படத்தை ஆராய்தல்

திரைப்படத்தை ஆராய்வதென்பது, கதை நன்று, நடிப்பு நன்று எனத் தீர்ப்புக் கூறுவதன்று. எடுத்தவர் யார், பொருள் கொடுத்தவர் யார், எது காட்டப்பட்டது, எது மறைக்கப்பட்டது, கண்ட மக்கள் என்ன செய்தனர் என வினவுவதாகும். ஹதீஸில் மத்னோடு நில்லாது ஸனதையும் ஆராயும் நமக்கு இம்முறை அந்நியமானதன்று.

1926இல் எகிப்திய நடிகர் யூசுஃப் வஹ்பி, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களாகத் திரையில் தோன்ற முன்வந்தார். அல்அஸ்ஹர் வன்மையாகக் கண்டித்தது, மன்னர் ஃபுஆது குடியுரிமையைப் பறிப்பதாக எச்சரித்தார், வஹ்பி பின்வாங்கினார். அரை நூற்றாண்டுக்குப் பின், ஹலப் நகரில் பிறந்து அமெரிக்காவில் திரைக்கலை பயின்ற முஸ்தஃபா அல்அக்காத் வேறு வழியில் முயன்றார். 1976இல் வெளிவந்த 'அர்ரிஸாலா' அதன் விளைவு. ஒரே கதையை இரு நடிகர் குழுக்களைக் கொண்டு அரபியிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியே எடுத்தார். ஹம்ஸா (ரலி) அவர்களின் பாத்திரத்தை ஆங்கிலத்தில் ஆன்டனி குயினும் அரபியில் அப்துல்லாஹ் கைத்தும் ஏற்றனர்.

அல்அஸ்ஹர் முதலில் அளித்த ஒப்புதலைப் பின்னர் விலக்கிக்கொண்டது. மொராக்கோவில் நடந்த படப்பிடிப்பும் சவூதியின் எதிர்ப்பால் நின்றது. கடாஃபியின் பொருளுதவியால் லிபியாவில் பணி நிறைவேறியது. ஒரு படத்தின் ஸனதில் அரசுகளும் இடம்பெறுகின்றன என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

குயின் நபிகளாராகவே வேடமிட்டுள்ளார் என்னும் வதந்தி அக்காலத்தில் பரவியது. 1977 மார்ச்சில் வாஷிங்டன் நகரில் ஆயுதக் குழுவொன்று மூன்று கட்டடங்களைக் கைப்பற்றி, நூற்றுக்கும் மேற்பட்டோரைப் பிணை வைத்தது. தன் குடும்பத்தாரைக் கொன்றோரை ஒப்படைக்க வேண்டும் என்பதே அதன் தலைவரின் முதன்மைக் கோரிக்கை. இப்படத்தை நிறுத்த வேண்டும் என்பது மற்றொன்று. இளம் செய்தியாளர் ஒருவர் அங்கே கொல்லப்பட்டார். செய்தி வந்தால் தெளிவாக விசாரியுங்கள் என்னும் இறைக்கட்டளை (49:6) திரைப்படத்திற்கும் பொருந்தும் அன்றோ!

உண்மையில் படத்தில் நபிகளாரின் உருவமும் இல்லை, குரலும் இல்லை. நாற்பெரும் கலீஃபாக்களும் காட்டப்படவில்லை. அலீ (ரலி) அவர்களுக்கு வாளின் முனை மட்டுமே அடையாளம். நபிகளார் இருக்கும் காட்சிகளில் மெல்லிய இசை ஒலிக்க, ஏனையோர் கேமராவை நேரே நோக்கிப் பேசுகின்றனர். அவர்கள் சொல்லும் மறுமொழியால்தான் கேளாத சொல்லை நாம் உணர்கிறோம்.

மாணவர்களிடம் நான் அதிகம் பேசுவது இவ்விடத்தைப் பற்றியே. உருவம் வரையலாகாது என்னும் விதி இங்கே காக்கப்பட்டது. ஆனால் கேமரா நிற்கும் இடம் எது? நபிகளாரின் இடம். அக்கண்களால் காண்பவர் யார்? கட்டணம் செலுத்தி இருக்கையில் அமர்ந்திருக்கும் பார்வையாளர். முகத்தை மறைத்த கலைஞர், அம்முகத்தின் இடத்தில் நம்மை அமர்த்திவிட்டார். அக்காதின் பேணுதலை மதிக்கும் எனக்கும் இது உறுத்தலாகவே உள்ளது. மாணவர் சிலர் இதனை ஏற்பதில்லை. காட்டாமலிருக்க வேறு வழி இருந்ததா என வினவுகின்றனர்.